சிறையிலே பிறந்த சட்ட அறிவு
ஸ்ரீமதி துர்காபாய் தேஷ்முக் அம்மையாரின் வாழ்க்கையும் தொண்டும்

கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்த ஒவ்வொருவரும் முதன்முதலாகச் செய்த காரியம் ஒரு காகிதத்தில் கையொப்பமிட்டதேயாகும். அங்கத்தினர் விண்ணப்பம், பங்குத்தொகைச் சீட்டு, கடன் பத்திரம், ஜாமீன் உறுதி என்று பிறகும் எத்தனையோ காகிதங்களில் நாம் கையெழுத்திடுகிறோம். அவற்றுள் எத்தனையை முழுவதும் படித்தறிந்து கையெழுத்திட்டோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டால், பலருக்கும் தலைகுனிவு உண்டாகும். நம் வீட்டுப் பெண்மக்களைக் கேட்டால் விடை இன்னும் வருந்தத்தக்கதாய் இருக்கும். “அண்ணன் போடச் சொன்னார், போட்டேன்” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி.

இந்த அறியாமையைக் கண்டு நெஞ்சம் கொதித்து, அதன் பொருட்டே சட்டம் பயின்ற பெண்மணி ஒருவர் நம் சென்னை நகரில் வழக்கறிஞராயிருந்தார். பின்பு பாரத நாட்டின் அரசியல் சட்டத்தை வகுத்த சபையில் அமர்ந்தார். திட்டக் கமிஷனின் அங்கத்தினரானார். நாடெங்கும் மாதர் நலப் பணியைப் பரப்பினார். அவரே ஸ்ரீமதி துர்காபாய் தேஷ்முக். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வாழும் நெசவாளருக்கும் பயிர்த்தொழில் செய்வோருக்கும் அவருடைய வாழ்க்கை இன்று மிகவும் தேவையான பாடம் என்று நாம் கருதுவதால் அதனை இங்கே எடுத்துரைக்கின்றோம்.

இளமைப் பருவம்

துர்காபாய் 1909-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் ராஜமகேந்திரத்தில் பிறந்தார். வளர்ந்தது காக்கிநாடாவில். அக்காலத்து வழக்கப்படி எட்டு வயதிலேயே அவருக்கு மணம் செய்து வைத்துவிட்டனர். மணவாழ்க்கை இன்னதென்று அறியும் வயது வந்ததும், அந்த உறவில் தாம் வாழ இயலாது என்பதை மணமகனிடமே நேரில் எடுத்துச் சொல்லி விலகிக்கொண்டார். தந்தையார் மகளின் பக்கம் நின்றார். அக்காலத்தில் இது எவ்வளவு பெரிய துணிவு என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. அந்த மனிதர் வேறு மணம் செய்துகொண்டு பின்னர் காலமானபோது, ஆதரவற்று நின்ற அவருடைய மனைவிக்குத் தொழிற்பயிற்சி அளித்துத் தம் காலில் நிற்கச் செய்தவரும் துர்காபாய் அம்மையாரே. பகையை மனத்தில் வைக்காமல் பிழைப்புக்கு வழி காட்டிய அந்தப் பண்பே பின்னாளில் அவர் செய்த பணிகள் யாவற்றிலும் காணப்படுகின்றது.

காந்தியடிகள் 1921-ஆம் ஆண்டில் காக்கிநாடாவுக்கு வந்தார். அப்போது துர்காபாய்க்குப் பன்னிரண்டு வயதுதான். தேவதாசிகளாகத் தள்ளி வைக்கப்பட்ட பெண்களும், கோஷாவில் இருந்த முஸ்லிம் பெண்களும் காந்தியடிகளைக் காண வேண்டும் என்று அச்சிறுமி விரும்பினார். அடிகளின் நேரத்தில் சிறிது ஒதுக்குவதற்கு ஐயாயிரம் ரூபாய் நன்கொடை சேர்த்துத் தரவேண்டும் என்று வரவேற்பாளர் சொல்லிவிட்டனர். அந்தப் பெண்களிடமே சென்று தொகையைத் திரட்டிக் கூட்டத்தையும் நடத்திக் காட்டினார். காந்தியடிகளின் பேச்சைத் தெலுங்கில் மொழிபெயர்த்ததும் அவரே. அன்று முதல் அந்நியத் துணியை விடுத்துக் கதர் உடுத்தலானார். காக்கிநாடாவில் பெண்களுக்காக அவர் தொடங்கிய பள்ளி இந்தியைக் கற்பித்தது.

1923-ஆம் ஆண்டு காக்கிநாடாவில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. அதனையொட்டிக் கதர்க் கண்காட்சி ஒன்று நடந்தது. சீட்டு இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடக்கூடாது என்பது வாயிலில் நின்ற தொண்டர் துர்காபாய்க்கு இடப்பட்ட கட்டளை. ஜவாஹர்லால் நேரு வந்தார். அவரிடம் சீட்டு இல்லை. சிறுமி அவரைத் தடுத்து நிறுத்திவிட்டார். காரியஸ்தர்கள் ஓடிவந்து சீட்டு வாங்கிக் கொடுத்த பிறகுதான் வழிவிட்டார். நேருவோ கோபிக்கவில்லை, கடமையைச் செய்த துணிவைப் பாராட்டினார். பெரிய மனிதருக்கு ஒரு விதி, ஏழைக்கு ஒரு விதி என்று நடக்கும் சங்கம் எதுவாயினும் நிலைக்காது என்பது நம் அங்கத்தினர் அனுபவத்தில் கண்டதுதானே!

வேலூரும் மதுரையும்

1930-ஆம் ஆண்டில் உப்புச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தபோது சென்னையில் முன்னின்றவர்களுள் துர்காபாயும் ஒருவர். 1930 முதல் 1933 வரை அவர் பலமுறை சிறை புகுந்தார். வேலூர்ச் சிறையிலும் மதுரைச் சிறையிலும் இருந்தார். மதுரையில் நெடுங்காலம் தனிக்கொட்டடியில் அடைக்கப்பட்டு உடல்நலமும் குன்றினார்.

சிறையில் அவர் கண்ட காட்சியே அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. அங்கே தண்டனை அடைந்து கிடந்த பெண்கள் பலர், தம்மீது சுமத்தப்பட்ட குற்றம் இன்னதென்றே அறியாதவர்கள். நீதிமன்றத்தில் என்ன கேட்டார்கள், தாம் என்ன சொன்னோம் என்பதும் அவர்களுக்குத் தெளிவில்லை. குடும்பத்தார் செய்த குற்றத்தைத் தாம் ஏற்றுக்கொண்டு வந்தவர்களும் இருந்தனர். எடுத்துச் சொல்ல வக்கீல் இல்லை. வக்கீலை வைக்கப் பணம் இல்லை. இவர்களுக்காக ஒருத்தி சட்டம் படிக்க வேண்டும் என்று துர்காபாய் அங்கே தீர்மானித்தார்.

தீர்மானித்தவரோ முறையான பள்ளிக்கல்வியே முடியாதவர். சிறைமீண்டபின் தாமே பாடங்களைப் படித்துக் காசி சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். பின்பு வால்டேரில் ஆந்திர சர்வகலாசாலையில் சேரச் சென்றார். பெண்கள் தங்குவதற்கு விடுதி இல்லை என்பது அங்கே ஒரு தடையாயிற்று. விடுதி கிடைத்தால் படிக்க விரும்பும் பெண்கள் எழுதலாம் என்று பத்திரிகையில் விளம்பரம் செய்து, வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு விடுதியை அவரே ஏற்படுத்திவிட்டார்! தனக்கு இல்லாத வசதியைத் தன்னொத்தவர்களோடு கூடி உண்டாக்கிக்கொள்வதே கூட்டுறவு. அந்தப் பெயரைச் சொல்லாமலேயே அவர் அதைச் செய்தார். 1939-ஆம் ஆண்டில் அரசியல் பாடத்தில் ஆனர்ஸ் பட்டமும், 1942-ஆம் ஆண்டில் சென்னையில் சட்டப் பட்டமும் பெற்று, சென்னை ஹைகோர்ட்டில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார்.

வழக்கறிஞர் தொழில்

சென்னையில் முதல் பெண் வழக்கறிஞர் 1929-ஆம் ஆண்டில்தான் பதிவு செய்துகொண்டார் என்பதை நினைத்தால், பதின்மூன்று ஆண்டுகளுக்குப்பின் வந்த துர்காபாய்க்கும் பாதை எளிதாய் இருந்திராது என்பது விளங்கும். அவர் ஏழைப் பெண்களுக்காக வாதாடுவதைத் தம் கடமையாகக் கொண்டார். அதோடு, கோர்ட்டில் வழக்கு வெல்வது மட்டும் போதாது என்பதையும் கண்டுகொண்டார். ஜீவனாம்சம் தீர்ப்பாகிவிடும், ஆனால் அந்தப் பெண் எங்கே தங்குவாள், எந்தத் தொழிலால் பிழைப்பாள்?

இக்கேள்விக்கு விடையாக அமைந்தது 1937-ஆம் ஆண்டில் சென்னையில் அவர் நிறுவிய ஆந்திர மகிலா சபை. இடையில் படிப்பை விட்ட பெண்களைக் காசி மெட்ரிகுலேஷன் தேர்வுக்குத் தயார் செய்வதில் தொடங்கிய அச்சபை, நாளடைவில் விடுதி, கைத்தொழிற் பயிற்சி, செவிலியர் பயிற்சி, மருத்துவமனை, கல்லூரிகள் என்று சென்னையிலும் ஹைதராபாதிலும் ஆலமரம் போல் விழுது விட்டது. அடையாற்றுப் பக்கம் அவர் பெயர் தாங்கிய சாலையில் செல்லும் நம்மவர் பலருக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியாமலிருக்கலாம். இனித் தெரிந்துகொள்ளட்டும்.

அரசியல் நிர்ணய சபையில்

1946-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் துர்காபாய் தேர்ந்தெடுக்கப்பட்டார். அச்சபையில் இடம்பெற்ற பெண்கள் பதினைவர். அம்மு சுவாமிநாதனும் தாட்சாயணி வேலாயுதனும் சென்னை மாகாணத்திலிருந்தே சென்றவர்கள். சபைத் தலைவர் இல்லாதபோது தலைமை தாங்குவோர் குழுவிலும் துர்காபாய் இடம் பெற்றார்.

அவர் அங்கே ஏராளமான திருத்தங்களைக் கொண்டுவந்தார். இரண்டை மாத்திரம் இங்கே குறிக்கின்றோம். ராஜ்ய சபையில் அங்கத்தினராவதற்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்றிருந்ததை 30 ஆகக் குறைக்கச் செய்தார். இந்து சமயப் பொது நிலையங்களைத் திறந்துவிடுதல் பற்றிய விதியில் “ஏதேனும் ஒரு வகுப்பினருக்கு” என்ற பொருள்பட இருந்த வாசகத்தை “எல்லா வகுப்பினருக்கும் எல்லாப் பிரிவினருக்கும்” என்று மாற்றுமாறு கோரினார். இன்றைய அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் அவ்வாறே உள்ளது. ஒரு சொல்லை மாற்றினால் பல்லாயிரம் மக்களுக்குக் கதவு திறக்கும். ஒரு சொல்லைக் கவனியாது விட்டால் அதே கதவு மூடிக்கொள்ளும். சட்டம் தெரிந்தவர் சபையில் இருப்பதன் பயன் இதுவே. நம் சங்கத்தின் துணைவிதிகளைப் படிக்கும்போதும் இதனை நினைவில் வைப்போமாக.

டாக்டர் அம்பேத்கர் கொண்டுவந்த இந்து சட்டத் தொகுப்பு மசோதாவையும் அவர் ஆதரித்து நின்றார். மகளுக்குச் சொத்தில் பங்கு கொடுத்தால் குடும்பம் சிதறிவிடும் என்று அன்று பலர் வாதித்தனர். மசோதா அப்போது நிறைவேறவில்லை. 1951-ஆம் ஆண்டில் டாக்டர் அம்பேத்கர் மந்திரி பதவியை விட்டு விலகினார். ஆயினும் பின்பு அது பகுதி பகுதியாகச் சட்டமாயிற்று. அவற்றுள் ஒன்றே 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம்.

தோல்வியும் தொண்டும்

1952-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் ராஜமகேந்திரத்தில் நின்ற அம்மையார் தோல்வியுற்றார். தேர்தலில் தோற்றவர் வீட்டில் முடங்குவதே வழக்கம். இவரை நேரு திட்டக் கமிஷனின் அங்கத்தினராக்கினார். ரிசர்வ் பாங்கின் முதல் இந்திய கவர்னராயிருந்து அப்போது நிதி மந்திரியாயிருந்த சி. டி. தேஷ்முக்கை 1953-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் மணந்தார். நேருவே சாட்சிக் கையெழுத்திட்ட பதிவுத் திருமணம் அது.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மத்திய சமூக நல வாரியம் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் அம்மையார். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் தொண்டு நிறுவனங்களுக்கென 4 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருந்தது. அத்தொகையை அவர் கையாண்ட விதம் கவனிக்கத்தக்கது. புதிதாகச் சர்க்கார் காரியாலயங்களை எழுப்பாமல், ஏற்கெனவே ஊர்தோறும் பணி செய்துவந்த சங்கங்களுக்கு மானியம் தந்து அவற்றை வலுப்படுத்தினார். 1954-ஆம் ஆண்டு முதல் சுமார் 25 கிராமங்களுக்கு ஒரு நலத்திட்டம் வீதம் குழந்தைப் பள்ளி, பிரசவ உதவி, முதியோர் கல்வி, கைத்தொழில் ஆகியவை தொடங்கப்பட்டன. நகரங்களில் நடுத்தரக் குடும்பத்துப் பெண்களுக்கு வருவாய் தேடித்தரும் பொருட்டுத் தில்லி, பூனா, ஹைதராபாத், விஜயவாடா ஆகிய இடங்களில் கூட்டுறவு முறையில் தீப்பெட்டித் தொழில் ஏற்படுத்தப்பட்டது. உதவி பெறுவோர் பங்குதாரராகவும் இருக்கவேண்டும் என்னும் நம் இயக்கத்தின் கொள்கை அங்கே நடைமுறைக்கு வந்தது.

1958-ஆம் ஆண்டில் வாரியம் தொடங்கிய சுருக்கப் பாடத்திட்டம் மற்றொன்று. இளமையில் பள்ளியை விட்ட பெண்கள் இரண்டாண்டுகளில் பாடங்களை முடித்துத் தேர்வெழுத அது வழி செய்தது. தாம் ஏறிவந்த ஏணியை அவர் பிறருக்கும் சாத்தி வைத்தார் என்றே சொல்ல வேண்டும். பெண் கல்வி பற்றி ஆராய அமைத்த தேசியக் குழுவுக்கும் அவரே தலைமை தாங்கி 1959-ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தார்.

சீன நாட்டுக்குச் சென்று வந்தபின், குடும்ப வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்று நீதிபதிகளோடு கலந்து பேசி வற்புறுத்தினார். அவர் 1981-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள் காலமானார். குடும்ப நீதிமன்றச் சட்டம் நிறைவேறியது 1984-இல். விதைத்தவர் அறுவடையைக் காணவில்லை. பயனைப் பெண்மக்கள் அடைந்தனர். 1975-ஆம் ஆண்டில் அவருக்கும் அவர் கணவருக்கும் பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது.

நம் வட்டாரத்துக்கு இதில் என்ன?

ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த நம் வட்டாரம், 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார்த் தொழிற்சாலை எழுந்தது முதல் வேகமாக மாறிவிட்டது. 2010-இல் ஒரகடத்திலும் பெரிய மோட்டார்த் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. தறியை விட்டும் ஏரை விட்டும் இளைஞர்கள் அங்கே சென்றனர். பெண்களும் ஆயிரக்கணக்கில் செல்கின்றனர். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க பெண் தொழிலாளர் குடியிருப்பைச் சிப்காட் நிறுவனம் கட்டி, 2024-இல் திறக்கப்பட்டது. வால்டேரில் ஒரு மாணவி விளம்பரம் செய்து விடுதி தேடிய காலம் எங்கே, இது எங்கே! நம் தொகுதிக்குப் பாராளுமன்றப் பிரதிநிதியாக 1984, 1989, 1991 ஆகிய ஆண்டுகளில் ஸ்ரீமதி மரகதம் சந்திரசேகரைத் தேர்ந்தெடுத்தவர்கள் நாம். ஆகவே பெண்களுக்கு இடம் கொடுக்காத ஊர் என்று நம்மைச் சொல்ல முடியாது.

ஆனால் நிலத்தின் விலை ஏறியபோது வீட்டுக்குள் நடப்பது என்ன? 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தொழில்நோக்க நில எடுப்புச் சட்டத்தின்படி நிலம் எடுக்கப்படுகிறது. அல்லது வாங்குவோர் நேரில் வந்து விலை பேசுகின்றனர். அப்போதுதான் பல ஆண்டுகளுக்கு முன் மணமாகிச் சென்ற சகோதரியின் நினைவு வருகிறது. சீர்வரிசையோடு அழைத்து வந்து, ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகின்றனர். அந்தக் காகிதத்தின் பெயர் விடுதலைப் பத்திரம். தன் பங்கைத் தான் விட்டுக்கொடுத்துவிட்டதாக அதில் எழுதியிருக்கும். மனமாரக் கொடுப்பதை நாம் குறை கூறவில்லை. அறிந்து கொடுத்தால் அது தானம். அறியாமல் கொடுத்தால் அது இழப்பு.

சட்டம் சொல்வதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நன்று. இந்துக் குடும்பத்தில் தந்தை தாமே சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்பது 1956 முதலே சட்டம். பிதுரார்ஜித சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தது. ஆனால் அதற்கு முன் மணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-ஆம் ஆண்டின் மத்திய திருத்தம் மணமான மகள், மணமாகாத மகள் என்ற வேற்றுமையை நீக்கிற்று. 2005-இல் தந்தை உயிரோடிருந்தாரா இல்லையா என்பது பற்றிய ஐயத்தையும் உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்த்து, உரிமை பிறப்பால் வருவது என்று கூறிவிட்டது. எனினும் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினைகளை இது கலைக்காது.

வக்கீலுக்குப் பணம் எங்கே என்ற கேள்வியும் இனி வேண்டுவதில்லை. ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி என்பது 1976-இல் அரசியல் சட்டத்திலேயே 39-ஏ பிரிவாகச் சேர்க்கப்பட்டது. 1987-இல் இயற்றப்பட்டு 1995-இல் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்கள் இலவச உதவிக்கு உரியவர். தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் பழங்குடியினரும், ஆலைத் தொழிலாளரும், உடற்குறை உடையோரும் அவ்வாறே. மற்றையோர் வருமான வரம்புக்குட்பட்டுப் பெறலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணில் கேட்டறியலாம். மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பாரும் இசைந்து முடித்துக்கொள்ளும் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணமும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. வேலூர்ச் சிறையில் துர்காபாய் கண்ட பெண்களுக்கு இவற்றுள் ஒன்றும் இருக்கவில்லை.

அங்கத்தினர்க்கு ஒரு வேண்டுகோள்

பாவு சீராயிருந்தால்தான் ஊடை ஒழுங்காய் ஓடும். சட்ட அறிவு குடும்பத்துக்கும் சங்கத்துக்கும் பாவு போன்றது. ஆகவே நம் சங்கங்கள் மூன்று காரியங்களை மேற்கொள்ள வேண்டும் என்று நாம் கேட்டுக்கொள்கின்றோம். முதலாவது, எந்தக் கடன் பத்திரத்திலும் ஜாமீன் உறுதியிலும் கையொப்பம் வாங்குமுன், காரியதரிசி அதனை உரக்கப் படித்துப் பொருள் சொல்லவேண்டும். அங்கத்தினர் பெண்ணாயின் அவரிடமே சொல்லவேண்டும், உடன் வந்த ஆடவரிடம் அன்று. இரண்டாவது, ஆண்டுக்கு ஒருமுறையேனும் சட்டப் பணிகள் குழுவினரை அழைத்துச் சங்கக் கட்டடத்தில் சட்ட விளக்கக் கூட்டம் நடத்தவேண்டும். மூன்றாவது, தறியிலும் வயலிலும் வேலை செய்யும் பெண்களை, கணவர் பெயரின் நிழலில் விட்டுவிடாமல், தம் பெயரிலேயே அங்கத்தினராகச் சேர்க்கவேண்டும்.

அடுத்த முறை நம் வீட்டுப் பெண் ஒரு காகிதத்தின் முன் பேனாவுடன் அமரும்போது, “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று அவர் கேட்கட்டும். கேட்டால் பொறுமையுடன் படித்துச் சொல்வோம்.